பானிட்சா செய்வதற்கு முன் ஈரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பல்கேரியாவுக்கு வேலைக்கோ மருத்துவம் படிக்கவோ வருகிற நம்மவர்களில் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு முதலில் கைகொடுப்பது பானிட்சாதான். மிக மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, நடுவே சிரெனே என்கிற வெள்ளைப் பாலாடைக்கட்டி, முட்டை, தயிர், வெண்ணெய் எல்லாம் வைத்து ஓவனில் சுட்டு எடுப்பார்கள். காலையில் தலைநகர் சோஃபியாவின் தெருமுனை பேக்கரிகளில் சூடாகக் கிடைக்கும். ஐரான் என்கிற உப்பு மோரோடோ, பொசா என்கிற புளிக்கவைத்த தானியக் கூழோடோ வாங்கிக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் முதல் சில மாதங்கள் ஓட்டினேன். அதையே வீட்டில் செய்யப் போனபோது 70 லெவாவுக்கு மேல் காசு போனது. நம் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். (அப்போது லெவா, 2026 ஜனவரி 1 முதல் அங்கே யூரோ.) தூக்கமும் போனது, அழுகையும் வந்தது. இணையத்தில் செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாம் பாட்டி செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்காக எழுதியவை. எங்கே தண்ணீர் இருக்கக் கூடாது, எங்கே இருந்தே ஆக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கெட்டுப்போனது எல்லாமே அந்த இடத்தில்தான் கெட்டது.

அது நான் வீட்டை விட்டு வந்த முதல் டிசம்பர். கூடத் தங்கியிருந்த பெண் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டாள். அலுவலகத்தில் எங்கள் குழுத் தலைவி, புத்தாண்டு இரவைத் தனியாகக் கழிக்காதே, எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். அவர்களுக்கு அந்த இரவில் பானிட்சா இல்லாமல் மேசை நிறையாது. உள்ளே அதிர்ஷ்டச் சீட்டுகளும் ஒரு நாணயமும் ஒளித்து வைத்துச் சுடுவார்கள். பழைய வழக்கப்படி ட்ரியான் மரத்தின் மொட்டு விட்ட குச்சிகளை வைப்பதும் உண்டு. அந்த மரம் அவர்களுக்கு ஆரோக்கியத்தின் அடையாளம். யாருக்கு எந்தத் துண்டு வருகிறதோ அந்த ஆண்டு அவர்களுக்கு அப்படி. இந்த வருஷம் பானிட்சா நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்குக் கடையில் வாங்கிய கேக்கோடு போக எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 29 மாலை மாவிலிருந்தே தொடங்கினேன். செய்முறையில் தண்ணீர், உப்பு, எண்ணெய், கொஞ்சம் வினிகர் என்று எழுதிவிட்டு, மாவுக்கு மட்டும் ‘எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு’ என்று போட்டிருந்தது. பல்கேரியச் செய்முறைகளில் இது சர்வசாதாரணம். கையில் ஒட்டாத பதம் வரும்வரை மாவைப் போட்டுக்கொண்டே போனால் கெட்டியாகத்தான் வரும். சப்பாத்திக்கு அது சரி, இதற்குச் சரிவராது. அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தேய்த்தேன். விரித்த மாவு விட்ட உடனே சுருங்கியது. இழுத்தால் கிழிந்தது. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அம்மாவுக்கு போன் செய்தேன். குளிர்காலத்தில் சோஃபியாவை விட இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும், மதுரையில் அம்மா எழுந்து வாசல் தெளிக்கிற நேரம் அது. “என்னடி, இன்னும் தூங்கலையா?” என்றாள். மாவு கிழியுதும்மா என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. “எவ்வளவு நேரம் ஊற வெச்ச?” என்று கேட்டாள். சொன்னேன். “அரை மணி நேரத்துல என்ன ஊறும்? பரோட்டாக் கடையில காலையில பிசைஞ்சத சாயங்காலம்தான வீசுறாங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, எண்ணெய் தடவி மூடி வெச்சிட்டுப் போய்ப் படு.”

அம்மா பானிட்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. மாவில் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் பிசையும்போது இறுகி நிற்கும். ஈரமும் நேரமும் கிடைத்தால்தான் தளரும். வினிகரும் அதைக் கொஞ்சம் இளக்கும். காலையில் அதே மாவு சொன்னபடி கேட்டது. மேசை மேல் பழைய பருத்தி விரிப்பைப் போட்டு, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, புறங்கைகளை அடியில் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தேன். கீழே இருக்கிற துணியின் பூவேலை தெரிகிற அளவுக்கு விரிந்தது. அந்த நிமிடத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அளவு வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: டைப் 500 என்று போட்ட வெள்ளை மாவு அரைக் கிலோ, வெதுவெதுப்பான தண்ணீர் 280 முதல் 300 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பிசைந்து முடிக்கும்போது கையில் லேசாக ஒட்ட வேண்டும். உருண்டைகளை எண்ணெயில் புரட்டி, குறைந்தது இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ராத்திரி முழுக்க என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். இழுத்து முடித்ததும் ஓரத்தில் தடிமனாக நிற்கிற பகுதியை வெட்டி விடுங்கள். அது வேகவே வேகாது.

இவ்வளவு செய்தும் அது வீணாகத்தான் போனது. காரணம் உள்ளே வைத்த வெள்ளைக் கட்டி. பக்கத்துக் கடையில் மலிவாக இருந்தது, பார்க்க சிரெனே மாதிரியேதான் இருந்தது. எனக்கு அப்போது சிரிலிக் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். பிறகுதான் தெரிந்தது, அது பாமாயில் சேர்த்த போலிக் கட்டி. பால் கொழுப்பே இல்லாதது. சூட்டில் தண்ணீர் விட்டு, மிச்சம் ரப்பர் போல ஆகிவிட்டது. அட்டையில் சின்ன எழுத்தில் உண்மை எழுதியிருந்தது என்பது வேறு விஷயம். மொழி தெரியாத ஒருத்தி பசியோடு கடைக்குள் நிற்கும்போது அது எதற்கு உதவும்? அதனால் சொல்கிறேன், சிரெனே வாங்கும்போது பெயரை விட எண்ணைப் பாருங்கள். பி.டி.எஸ் 15:2010 என்று பல்கேரியத் தர முத்திரை இருந்தால் அது பாலில் செய்த உண்மையான உப்புநீர்க் கட்டி. தயிருக்கு அதே போல பி.டி.எஸ் 12:2010. அட்டையில் அது பி.டி.எஸ் என்பதற்கான சிரிலிக் எழுத்தில் இருக்கும், ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்களேதான். பசும்பால் சிரெனே மென்மையாக இருக்கும், ஆட்டுப்பால் சிரெனே காரசாரமாக, விலையும் கூட. முடிந்தால் பெண்கள் சந்தை என்கிற ஜென்ஸ்கி பசாரில் போய், கொஞ்சம் ருசி பார்த்து வாங்குங்கள்; கேட்டால் ஒரு துணுக்கு வெட்டித் தருவார்கள். சுத்த சைவக்காரர்கள், பாலைத் திரிக்கிற ரென்னெட் விலங்கிலிருந்து எடுத்ததா நுண்ணுயிரிலிருந்து எடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நல்ல சிரெனேவாகவே இருந்தாலும் அது உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. எடுத்த கையோடு உதிர்த்துப் போடாதீர்கள். வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்து, அப்புறம் மெல்லிய துணியில் கட்டி லேசாகப் பிழியுங்கள். உப்பு அதிகமாகப் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்துவிட்டு வடிய விடுங்கள். பூரணத்துக்குத் தனியாக உப்பே போட வேண்டாம். பாலக் கீரை வைக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: வதக்கி ஆறவைத்து, இரண்டு கையாலும் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நீங்களே பாருங்கள். அவ்வளவும் அடித் தாளில்தான் போய்த் தேங்கும்.

அடுத்தது ஓவன். வாடகை வீட்டில் இருந்தது மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன். மேல் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கை உயரம்கூட இல்லை. மேலே கருகல் வாசம் வந்தபோது வெளியே எடுத்தேன். வெட்டினால் அடியில் பசை. எண்ணெய், முட்டை, வெண்ணெய், ராத்திரி முழுக்க ஊறிய மாவு, எல்லாம் குப்பைக்கு. சமையலறையில் நின்றபடியே அழுதேன். ஒரு பண்டத்துக்காக அழுதது போலத் தோன்றலாம். உண்மையில் அந்த ஊரில் எனக்கென்று ஒரு இடம் கிடைக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன், அது தட்டோடு சேர்ந்து போய்விட்டது போல இருந்தது. இப்படிப்பட்ட ஓவன் உள்ளவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தை விட்டுவிட்டு மெல்லிய அலுமினியத் தட்டை எடுங்கள், சூடு சீக்கிரம் அடிக்கு இறங்கும். 190 டிகிரியில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள், அதுவும் கீழ்த் தட்டில். முதல் 20 நிமிடம் மேலே ஃபாயில் போட்டு மூடி, பிறகு எடுத்துவிடுங்கள். மொத்தம் 40 நிமிடம் பிடிக்கும். மேல் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு தோசைக் கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள், அது பொன்னிறமாக இருந்தால்தான் வெந்தது.

டிசம்பர் 31 காலையில் மாவு பிசைய நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அன்றைக்குக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். ‘கோரி’ என்று அங்கே விற்கிற தயார் மாவுத் தாள்களை வாங்க ஓடினேன். குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய நல்ல தாள்கள் எல்லாம் தீர்ந்துபோய், உறைந்த பாக்கெட்டுகள்தான் மிச்சம். ஊரே அன்றைக்கு பானிட்சா செய்கிறது, என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து சீக்கிரம் உருகட்டும் என்று அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தேன். வெளியே உருகி, உள்ளே கட்டியாக இருந்தது. வெளித் தாள்களில் வேர்வை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே இருந்தவை மடங்கிய இடத்தில் எல்லாம் உடைந்தன. பிரித்து வைத்த தாள்களோ சில நிமிடங்களில் காய்ந்து நொறுங்க ஆரம்பித்தன. சோஃபியாவின் குளிர்கால வீடுகளில் மத்திய வெப்பமூட்டல் ஓடும்போது காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று உதடு வெடித்தவர்களுக்குத் தெரியும், மாவுத் தாளுக்கும் அதே கதிதான்.

இதற்கான வழி மிக எளிது, சொல்லத்தான் ஆளில்லை. உறைந்த தாள் என்றால் முந்தின நாளே பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். செய்வதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, அப்போதும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். பூரணம், எண்ணெய், தட்டு எல்லாம் தயாரான பிறகு கடைசியாகப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் ஒரு காய்ந்த துணி, அதன் மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, இப்படி மூடி வைத்து ஒவ்வொரு தாளாக உருவுங்கள். ஈரத்துணி நேராகத் தாளில் பட்டால் மேல் தாள் கூழாகிவிடும். ரேடியேட்டரிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கையில் உடைந்த தாள்கள், மணி மதியம் தாண்டிவிட்டது. சுருட்டி நத்தை ஓடு போல வளைக்கிற ‘வீட்டா’ பானிட்சா செய்ய வழியே இல்லை. அப்போதுதான் ஒரு செய்முறையின் அடியில் கசக்கிய பானிட்சா என்று ஒன்று கண்ணில் பட்டது. உடைந்த தாள்களுக்கென்றே பிறந்தது போல இருந்தது. தட்டில் எண்ணெய் தடவி, முழுதாக இருக்கிற தாள் இரண்டை அடியில் விரித்து, மற்றதை எல்லாம் கையால் தளர்வாகக் கசக்கி நெருக்கமாக அடுக்கி, இடுக்குகளில் உதிர்த்த சிரெனேவைத் தூவ வேண்டும். 400 கிராம் தாளுக்கு 400 கிராம் சிரெனே (இந்த முறை பெரிய கடையில், எண் பார்த்து வாங்கினேன்). ஒரு பாத்திரத்தில் 200 கிராம் தயிர் எடுத்து அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கலந்தால் புசுபுசுவென்று பொங்கும். அதில் 4 முட்டை, 100 மில்லி எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் சேர்த்து அடித்து, கடைசியில் 150 மில்லி குடிக்கிற சோடாவை ஊற்றி மெதுவாகக் கிளறி, உடனே தாள்கள் மேல் பரவலாக ஊற்ற வேண்டும். பொங்கிய கலவையைக் காக்க வைத்தால் காற்று போய்விடும். ஊற்றிய பிறகு பத்து நிமிடம் தட்டை விட்டுவிடுங்கள், காய்ந்த தாள்கள் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே மட்டும் அது வேண்டும். இந்த ஈரம்தான் சூட்டில் ஆவியாகித் தாள்களைத் தூக்கிவிடுகிறது.

செய்முறை படிக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ‘ஒரு வாளித் தயிர்’ என்று எழுதியிருந்தால் கடையில் விற்கிற 400 கிராம் டப்பா, ‘தேநீர்க் கோப்பை’ என்றால் 200 மில்லி. அக்கம்பக்கத்து நாட்டுச் செய்முறைகளைக் கலக்காதீர்கள். செர்பியாவின் கிபானிட்சா இதற்குப் பக்கத்து உறவுதான், ஆனால் முட்டையும் கட்டியும் விகிதம் வேறு. போஸ்னியாவிலோ புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டுமே; பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது செல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரும்பிருஷா. பல்கேரியக் கடையில் வாங்குகிற தாளுக்குப் பல்கேரியச் செய்முறைதான் ஒத்துப்போகும்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஓவனிலிருந்து எடுத்தபோது தட்டின் விளிம்பு வரை உப்பி, மேலே பொன்னிறமாக நின்றது. குழுத் தலைவி வீட்டுக்குப் பெரிய துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா தட்டை வாங்கியதும் முதலில் செய்த காரியம், கையில் தண்ணீர் எடுத்து மேலே தெளித்துச் சுத்தமான துணியால் மூடியதுதான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சுட்டதும் இப்படிச் செய்தால்தான் மேல் தாள் உடைந்து உதிராமல் மிருதுவாகும் என்று மகள் வழியாக மொழிபெயர்த்துச் சொன்னார். பிறகு அடியைத் தூக்கிப் பார்த்து, ‘நன்றாக வெந்திருக்கிறது’ என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு அந்த மூன்று நாளும் தகும். சீட்டுகளை நான் முன்கூட்டி வைக்கவில்லை, எண்ணெயில் மை கரையுமே என்று பயம். அதற்கும் அவரே வழி சொன்னார்: சின்னச் சீட்டை இறுக்கமாக ஃபாயிலில் சுற்றி, வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டிலும் செருகிவிடலாம். நாணயத்தைக் கொதிநீரில் கழுவி அதே போலச் சுற்ற வேண்டும். குழந்தைகள் இருந்தால் கடிப்பதற்கு முன் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் துண்டை வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு வந்த சீட்டில் ‘பயணம்’ என்று எழுதியிருந்தது.

மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் போல ஆகிவிடும். 160 டிகிரி ஓவனில் பத்து நிமிடம், அல்லது மூடி போட்ட தோசைக்கல்லில் சிறு தீயில் வைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். விருந்துக்கு முன்னால் பதற்றம் வேண்டாம் என்கிறவர்கள், சிரெனே பூரணம் மட்டும் வைத்துச் சுருட்டி, முட்டைத் தயிர்க் கலவை ஊற்றாமல் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது உருக விடாமல் அப்படியே மேலே வெண்ணெய் தடவி, காய்ந்த ஓவனில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள்.